பாவுக் கூலியும் படக்காட்சிச் சந்தாவும்

ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் ரொக்கப் புத்தகத்தில் பத்து ரூபாய்ச் செலவு ஏறவேண்டுமாயினும் அதற்கு ஒரு செலவுச் சீட்டு வேண்டும். செயலாளரின் கையெழுத்து வேண்டும். தொகை சற்றுப் பெரிதாயின் நிர்வாகக் குழுவின் தீர்மானமும் வேண்டும். ஆண்டு முடிவில் தணிக்கையாளர் வந்து ஒவ்வொரு இனத்தையும் சரிபார்த்துக் குறியிடுவார். பொதுப் பணத்தை இத்துணைக் கட்டுப்பாட்டுடன் காக்கப் பழகிய நம் அங்கத்தினர்களுடைய சொந்த வீடுகளிலே, சீட்டும் இன்றி, கையெழுத்தும் இன்றி, மாதந்தோறும் தானே பற்றெழுதப்படும் ஒரு செலவு அண்மை ஆண்டுகளில் புகுந்துள்ளது. ஓ.டி.டி. என்று எல்லோரும் அழைக்கும் இணையவழிப் படக்காட்சிகளுக்கான சந்தாவே அது.

படம் பார்ப்பது வீண் என்று உபதேசம் செய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. பகல் முழுதும் குழித்தறியில் கால் வைத்து மிதித்தவருக்கும், வெயிலில் வரப்பு வெட்டி வந்தவருக்கும், இரவில் இரண்டு மணி நேரம் மனம் இளைப்பாற ஏதேனும் ஒன்று வேண்டும். அதனைக் குறை கூறுவார்க்கு நெசவும் தெரியாது, வேளாண்மையும் தெரியாது. நாம் ஈண்டு ஆராயப் புகுவது, அந்த இளைப்பாறுதலுக்கு விலை கொடுக்கும் முறை நம்முடைய வருவாய் முறைக்கு இசைந்ததாக இருக்கிறதா என்பது ஒன்றையே.

வானொலிப் பெட்டி வைத்திருப்பவர் ஆண்டுக்கு ஒரு முறை தபால் நிலையத்துக்கு நடந்து சென்று லைசென்சுக் கட்டணம் செலுத்திய காலம் முதியவர்களுக்கு நினைவிருக்கும். பின்னர்க் கேபிள் வந்தது. மாதம் ஒரு தொகை. வசூலிப்பவர் வாசலுக்கு வருவார். கையில் இல்லையெனில் அடுத்த வாரம் வரச் சொல்லலாம். அந்த ஒரு கட்டணத்தில் பல அலைவரிசைகளும் வீட்டுக்கு வந்தன. இணையவழிப் படக்காட்சியின் அமைப்பு வேறு. 2015-இல் ஹாட்ஸ்டாரும், 2016 ஜனவரியில் நெட்பிளிக்ஸும், அவ்வாண்டு டிசம்பரில் அமேசான் பிரைம் வீடியோவும் இந்தியாவில் கடை விரித்தன. 2017-இல் சன் நெக்ஸ்ட், 2018-இல் ஜீ5, 2022-இல் ஆஹா தமிழ் என்று வரிசை நீண்டது. இவற்றுள் ஒவ்வொன்றும் தனக்கென்று சில படங்களையும் தொடர்களையும் வாங்கித் தன் பூட்டுக்குள் வைத்துக் கொள்கிறது. ‘ஜெய் பீம்’ 2021-இல் வெளியானபோது அதனைப் பிரைமில்தான் காணமுடிந்தது; 2024-இல் ‘மகாராஜா’வை வீட்டிலிருந்து பார்க்க விரும்பியவர் நெட்பிளிக்ஸை நாடவேண்டியதாயிற்று. கிரிக்கெட் போட்டிக்கு ஹாட்ஸ்டார். இவ்வாறு ஒவ்வொரு சரக்குக்கும் ஒவ்வொரு கடை என்றாகி, வீட்டில் நால்வர் இருந்தால் நான்கு கடைகளில் நிலுவைக் கணக்கு ஏற்பட்டு விடுகிறது.

இந்தக் கணக்கைச் சற்று எழுதிப் பார்ப்போம். காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். கல்லூரியில் படிக்கும் மகனுக்காக நெட்பிளிக்ஸில் இரண்டு திரைகளில் காணத்தக்க ஸ்டாண்டர்டு திட்டம். 2021 டிசம்பரில் அந்நிறுவனம் குறைத்து அறிவித்த விகிதப்படி மாதம் ரூ. 499. ஆண்டுக்கு ரூ. 5,988 ஆகிறது. பிரைம், ஆண்டுச் சந்தா ரூ. 1,499. ஜியோ சினிமாவும் டிஸ்னி ஹாட்ஸ்டாரும் 2025 பிப்ரவரியில் இணைந்து ஜியோ ஹாட்ஸ்டார் ஆனபோது அறிவிக்கப்பட்ட சூப்பர் திட்டம் மூன்று மாதத்துக்கு ரூ. 299, நான்கு காலாண்டுக்கு ரூ. 1,196. மூன்றும் சேர்ந்து ரூ. 8,683. இவ்விகிதங்கள் அவ்வப்போது மாறுவன. அன்றன்று சரிபார்த்துக் கொள்க. இதில் கேபிள் கட்டணம் சேரவில்லை. இணைய இணைப்புக்கும் கைப்பேசி ரீசார்ஜுக்கும் கொடுக்கும் பணமும் சேரவில்லை.

ரூ. 8,683 என்பது எத்துணைப் பெரிய தொகை? 2019-இல் தொடங்கிய பிரதம மந்திரி கிசான் திட்டத்தின்கீழ் ஒரு விவசாயக் குடும்பத்துக்கு மூன்று தவணைகளில் சேரும் ஆண்டு உதவித்தொகை ரூ. 6,000. படக்காட்சிச் சந்தா அதனை விஞ்சி நிற்கிறது. 2023 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை மாதம் ரூ. 1,000, நெட்பிளிக்ஸ் ஒன்றே அதில் ஏறத்தாழப் பாதி. உதவித்தொகை வந்து சேரும் அதே வங்கிக் கணக்கில்தான் பல வீடுகளில் சந்தாவும் பற்றெழுதப்படுகிறது என்பதை நோக்கும்போது, வந்த பணம் வீட்டு மளிகைக்குப் போவதற்கு முன்னரே கதைக்குப் போய்விடுகிறது என்பது புலனாகும்.

தொகையைக் காட்டிலும் முக்கியமானது, அது வெளியேறும் காலம். மாதச் சம்பளக்காரருக்கு முதல் தேதியில் வரவு. ஐந்தாம் தேதியில் பற்று. அவருக்கு இந்த ஏற்பாடு பொருந்தும். நெசவாளர்க்கோ, சேலையை அறுத்து எடுத்துச் சங்கத்தில் ஒப்படைத்த பிறகே கூலி. பாவு கிடைக்கத் தாமதமாயினும், சரிகை வரவில்லையாயினும், மழைக்காலத்தில் தறிக்குழியில் நீர் ஊறினும் கூலி தள்ளிப்போகும். ஈரோட்டுப் பக்கத்து மஞ்சள் பயிரிடுவோர்க்கு நடவுக்கும் அறுவடைக்கும் இடையே ஒன்பது, பத்து மாதங்கள். வேகவைத்து, உலர்த்தி, மெருகேற்றி, விற்பனைக் கூடத்தில் ஏலம் போன பின்னரே பணம். நம் வருவாய் பாவுக்கு ஒரு முறையும் பருவத்துக்கு ஒரு முறையும் வருவது. மாதந்தோறும் தானே கழியும் செலவினம் எதுவாயினும் அது நமக்குப் பகையானது. சந்தாக் கம்பெனிக்கு நம் பாவும் தெரியாது, பட்டமும் தெரியாது; தேதி ஒன்றுதான் தெரியும்.

பயிர்க்கடனை உரிய காலத்தில் திருப்பிச் செலுத்துவோர்க்கு வட்டிச் சலுகை உண்டு. தவணை தவறினால் அச்சலுகை போய்விடும் என்பதை நம் வேளாண் சங்க அங்கத்தினர் அறிவர். தவணை நாளன்று கணக்கில் ஆயிரம் ரூபாய் குறைந்து நிற்பதற்குக் காரணம் யாதெனத் தேடினால், யாரும் பார்க்காத இரண்டு சந்தாக்கள் அங்கே ஒளிந்திருக்கக் கூடும்.

நிற்க. இந்தப் பற்று எவ்வாறு நிகழ்கிறது என்பதை அங்கத்தினர் விளங்கிக் கொள்ளுதல் அவசியம். முதன்முறை சந்தா செலுத்தும்போது நாம் கொடுப்பது அம்மாதப் பணம் மட்டுமன்று. இனி வரும் மாதங்களிலும் எடுத்துக்கொள்ளலாம் என்ற நிலையான உத்தரவையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறோம். யு.பி.ஐ. முறையில் இதற்கு ஆட்டோபே என்று பெயர். 2020-இல் இது நடைமுறைக்கு வந்தது. உத்தரவு கேட்கும் திரையில், எவ்வளவு காலத்துக்கு ஒரு முறை எடுக்கப்படும், அதிகபட்சம் எத்தொகை வரை எடுக்கலாம் என்பன காட்டப்படும். அதனைப் படியாமல் ரகசிய எண்ணை இட்டுவிடுவதே பெரும்பான்மையோர் வழக்கமாயிருக்கிறது. சங்கத்தில் எழுதாத காசோலையில் கையெழுத்திடும் தலைவரை நாம் என்ன சொல்வோம்?

2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கியின் விதி ஒன்று நடைமுறையில் உள்ளது. இத்தகைய பற்று எழுதுவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக, எந்த நிறுவனம், எத்தொகை, எந்த நாள் என்பதைக் கணக்குடையவருக்கு அறிவித்தல் வேண்டும். வேண்டாமெனில் விலகிக்கொள்ள வழியும் காட்டுதல் வேண்டும். நல்ல விதிதான். ஆனால் அதே விதியில், 2022 ஜூன் முதல், ரூ. 15,000 வரையிலான பற்றுக்கு ஒவ்வொரு முறையும் மறு ஒப்புதல் கேட்க வேண்டுவதில்லை என்றும் வரம்பு உயர்த்தப்பட்டது. வீட்டுக்கு வாங்கும் படக்காட்சிச் சந்தாக்கள் இவ்வரம்புக்கு மிகக் கீழே நிற்பவை. ஆதலின் ரகசிய எண் முதல் முறை கேட்கப்படுவதோடு சரி. முன்னறிவிப்போ பெரும்பாலும் ஆங்கிலத்தில் வந்து, விளம்பரக் குறுஞ்செய்திகளோடு கலந்து கிடக்கிறது. மேலும், சந்தாவை உண்மையில் உபயோகிப்பவர் மகனாகவும், அறிவிப்பு வருவது தந்தையின் கைப்பேசியாகவும் இருப்பதுண்டு. தந்தை அதனைப் படிப்பதில்லை. மகனுக்கு அது தெரிவதில்லை.

இதற்குப் பரிகாரம் கடினமானதன்று. சந்தாவைச் செலுத்திய மறுநாளே அதனை ரத்துச் செய்துவிடுக. இது விந்தையாகத் தோன்றலாம். பணம் கட்டிய காலம் முடியும்வரை படம் பார்க்கும் உரிமை போவதில்லை; அடுத்த தவணை எடுக்கப்படுவதுதான் நின்றுபோகும். நெட்பிளிக்ஸ் முதலிய முக்கிய நிறுவனங்களில் முறை இதுவே. இலவசமாகத் தரப்படும் சோதனைக் காலத்துக்கு மட்டும் இது எல்லா இடத்திலும் பொருந்தாது. அங்கே ரத்துச் செய்தவுடன் காட்சி நின்றுபோவதும் உண்டு. ரத்தை இரண்டு இடத்தில் செய்தல் வேண்டும்: நிறுவனத்தின் செயலியில் ஒரு முறை, பணம் செலுத்தும் யு.பி.ஐ. செயலியில் ஆட்டோபே என்ற பகுதியைத் திறந்து மற்றொரு முறை. இந்தப் பகுதியைத் திறந்து பாராதவர்கள் இன்றே திறந்து பார்ப்பது நலம். எப்போதோ ஒரு ரூபாய்க்கு ஏழு நாள் என்று ஆசைப்பட்டு ஒப்புக்கொண்ட ஜோதிடச் செயலியும் குட்டித் தொடர்ச் செயலியும் அங்கே உயிரோடு இருக்கக் காண்பர்.

இவ்வாறு செய்துவிட்டால் சந்தா என்பது கடன் கணக்காக இல்லாமல் ரொக்கக் கொள்முதலாகிவிடுகிறது. கூலி வந்த மாதத்தில் வாங்குகிறோம். வராத மாதத்தில் வாங்குவதில்லை.

அடுத்தது, எதனை எப்போது வாங்குவது என்பது. இதற்கு விவசாயியின் அறிவே போதும். தக்காளியை அன்றே விற்கவேண்டும். நெல்லைப் பத்தாயத்தில் போட்டுவைத்து விலை பார்க்கலாம். படக்காட்சியிலும் தக்காளி உண்டு, நெல் உண்டு. கிரிக்கெட் போட்டி தக்காளி. நடக்கும்போது பார்த்தால்தான் சுவை. ஐ.பி.எல். மார்ச் பிற்பகுதியில் தொடங்கி ஏறக்குறைய இரண்டு மாதம் நடக்கிறது. அதனை விரும்புவோர்க்கு மூன்று மாதச் சந்தா ஒன்று போதும், ஆண்டு முழுதும் வைத்திருக்க வேண்டுவதில்லை. திரைப்படமும் தொடரும் நெல். தமிழ்ப் படங்கள் பலவும் திரையரங்கில் வெளியாகி நான்கு வாரங்களில் இணையவழி வந்துவிடுகின்றன. வந்த அன்றே பார்க்கவேண்டும் என்று அவசரப்படுத்துவது விளம்பரமே. ஆறு மாதம் கழித்துப் பார்த்தாலும் கதை கெட்டுப்போவதில்லை. உரிமக்காலம் முடிந்து சில படங்கள் நீக்கப்படுவதுண்டு. அவற்றுள் பல பின்னர்த் தொலைக்காட்சியில் வந்தே தீரும்.

ஆகவே ஒரு சமயத்தில் ஒரு சந்தா என்ற ஒழுங்கை வைத்துக்கொள்க. மேற்சொன்ன குடும்பம், பார்க்க விரும்பும் படங்களின் பெயரை நாட்காட்டியின் பின்புறத்தில் குறித்துக்கொண்டே வந்து, ஆண்டில் இரண்டு மாதம் நெட்பிளிக்ஸ் (ரூ. 998), கிரிக்கெட் காலத்தில் மூன்று மாதம் ஹாட்ஸ்டார் (மேற்கண்ட விகிதப்படி ரூ. 299), தீபாவளியை ஒட்டி மூன்று மாதம் பிரைம் (2023 ஏப்ரலில் அறிவித்த விகிதப்படி ரூ. 599) என்று வாங்குமாயின், மொத்தச் செலவு ரூ. 1,896. மிச்சம் ரூ. 6,787. படங்களில் குறைந்தது ஒன்றுமில்லை. பூட்டியிருந்த கடைக்கு வாடகை கொடுத்தது மட்டுமே குறைந்தது.

ஆண்டுச் சந்தா மலிவு என்று விற்பனையாளர் கூறுவது பொய்யன்று. ஆனால் யாருக்கு மலிவு என்பதைக் கேட்கவேண்டும். பிரைமுக்கு மாதாமாதம் ரூ. 299 கட்டினால் ஆண்டுக்கு ரூ. 3,588, ஆண்டுச் சந்தாவோ ரூ. 1,499. ஆதலால் மாதச் சந்தாவைத் தொடர்ந்து ஓடவிடுவதைவிட மோசமான ஏற்பாடு வேறில்லை. இரண்டு காலாண்டு மட்டும் பார்ப்பவர்க்கு ரூ. 1,198-இல் முடிந்துவிடும், மூன்று காலாண்டு பார்ப்பவர் ஆண்டுச் சந்தாவே கட்டலாம். இதிலும் ஒரு சிக்கல் பின்னர்ச் சேர்ந்தது. 2025 ஜூன் முதல் பிரைமின் படங்களுக்கிடையே விளம்பரம் புகுத்தப்பட்டது. விளம்பரம் வேண்டாதவர் ஆண்டுக்கு ரூ. 699 அல்லது மாதம் ரூ. 129 கூடுதலாகச் செலுத்தவேண்டும் என்று ஆயிற்று. முன்பே ஆண்டுப் பணம் கட்டியிருந்தவர்க்கும் இது பொருந்தியது. நீண்ட காலத்துக்கு முன்பணம் கட்டுவோர் இதனை நினைவில் வைத்தல் நலம். என் அபிப்பிராயத்தில், விளம்பரத்தை நீக்க நூறு ரூபாய்க்கு மேல் கொடுப்பது நம் வருவாய்க்கு ஏற்றதன்று. அந்த இடைவேளையில் எழுந்து ஒரு சொம்பு தண்ணீர் குடித்து வரலாம்.

ஒரே சரக்குக்கு இரண்டு விலை கொடுக்கும் விரயமும் நம் வீடுகளில் மிகுதி. கைப்பேசி ரீசார்ஜ் திட்டங்கள் சிலவற்றோடும், வீட்டு இணைய இணைப்புகள் பலவற்றோடும் ஓ.டி.டி. சந்தா சேர்த்தே வழங்கப்படுகிறது. அதனை அறியாமல் தனியே பணம் கட்டுவோர் பலர். இரவு ஒளிபரப்பாகும் தொடர்களைப் பார்ப்பதற்காகவே சந்தா வாங்குவோரும் உளர். கேபிள் கட்டணத்திலேயே அத்தொடர் வருகிறது. புதுச் சந்தா வாங்குமுன் ரீசார்ஜ் திட்டத்தின் விவரத்தைக் கடைக்காரரிடம் கேட்டறிக.

டேட்டாவும் ஒரு செலவே. நெட்பிளிக்ஸ் தரும் கணக்குப்படி, சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரப் படம் 1 ஜி.பி. வரையும், உயர்தரத்தில் 3 ஜி.பி. வரையும் இழுக்கும். நாளைக்கு 1.5 ஜி.பி. தரும் ரீசார்ஜில் உயர்தரப் படம் அரை மணியில் தீர்ந்துபோகும். பிறகு கூடுதல் டேட்டா வாங்கத் தோன்றும். ஐந்து விரற்கடைத் திரையில் சாதாரணத் தரத்துக்கும் உயர்தரத்துக்கும் வேற்றுமை காண்பது அரிது. செயலியின் அமைப்பில் தரத்தைக் குறைத்து வைத்தல் ஒரு நிமிட வேலை. கைப்பேசியில் மட்டும் பார்ப்பவர்க்கு நெட்பிளிக்ஸில் மாதம் ரூ. 149-க்கு ஒரு திட்டமும் மேற்சொன்ன 2021 விகிதத்தில் உண்டு.

கூட்டுறவாளராகிய நமக்கு இயல்பாகவே ஓர் எண்ணம் எழும்: நான்கு வீட்டார் சேர்ந்து ஒரு சந்தா வாங்கிப் பங்கிட்டுக்கொண்டால் என்ன? சங்கத்தின் மூலம் ஒன்று வாங்கி, வாசகசாலையில் பெரிய திரை வைத்து எல்லா அங்கத்தினர்க்கும் காட்டினால் என்ன? பஞ்சாயத்து வானொலியைச் சுற்றி ஊரே அமர்ந்து கேட்ட வழக்கம் நமக்கு உண்டல்லவா? எண்ணம் நல்லதே, ஆனால் இவ்வொப்பந்தம் அதற்கு இடம் கொடுப்பதில்லை. ஒரு சந்தா ஒரு குடும்பத்தின் சொந்த உபயோகத்துக்கு மட்டுமே என்பது நிபந்தனை. வெவ்வேறு வீடுகளில் ஒரே கணக்கைப் பகிர்வதை இந்தியாவில் 2023 ஜூலை முதல் நெட்பிளிக்ஸ் தடுக்கலாயிற்று. பொதுவிடத்தில் காட்டுவது அதனினும் கூடாது. சங்கத்தின் பெயரில் அப்படிச் செய்தால் பொறுப்பு நிர்வாகக் குழுவின் தலையில் விழும். ஒரே கூரையின்கீழ் அண்ணன் தம்பி சேர்ந்து வாழும் கூட்டுக்குடும்பமாயின், ரூ. 649 திட்டத்தின் நான்கு திரைகளைப் பங்கிடுவதில் தவறில்லை. அவ்வாறன்றி, ஐம்பது ரூபாய்க்கு ஒரு திரை தருகிறேன் என்று வாட்ஸ்அப்பில் விற்பவரிடம் வாங்கினால், பத்தாம் நாள் கடவுச்சொல் மாறிவிடும், விற்றவரையும் காணமுடியாது. திருட்டுப் படம் காட்டும் செயலிகளைப் பற்றி ஒன்றே கூறலாம்: அவை குடியேறும் அதே கைப்பேசியில்தான் நம் வங்கிக் கணக்கும் குடியிருக்கிறது.

சங்கம் செய்யத்தக்க உதவி வேறு உண்டு. பொதுச் சேவை மையம் நடத்தும் சங்கங்களில், இளம் பணியாளர் ஒருவர் மாதத்தில் ஒரு பிற்பகல் அமர்ந்து, வரும் அங்கத்தினரின் ஆட்டோபே பட்டியலை அவர் கண்முன்னேயே படித்துத் தமிழில் விளக்கிச் சொல்லலாம். ரகசிய எண்ணைப் பணியாளர் கேட்கவும் கூடாது, அங்கத்தினர் சொல்லவும் கூடாது. கூலி பட்டுவாடா நாளில் இதனை வைத்துக்கொண்டால் எல்லோரும் வருவர்.

ரத்துச் செய்யும் வழியை ஒளித்துவைக்கும் நிறுவனங்களைப் பற்றியும் ஒரு சொல். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ஆம் நாள் வெளியிட்ட நெறிமுறைகள், சந்தாவிலிருந்து விலகுவதைக் கடினமாக்குவதையும், ரத்து வழியை மறைப்பதையும், இலவசச் சோதனைக்கே ஆட்டோபே உத்தரவு கேட்டு வற்புறுத்துவதையும் தடை செய்யப்பட்ட வணிக முறைகளுள் சேர்த்திருக்கின்றன. இவ்வாறு அகப்பட்டவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே முறையிடலாம். அழைக்கும்போது பணம் பற்றெழுதப்பட்ட தேதி, தொகை, வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தி, ரத்துச் செய்த அத்தாட்சி ஆகியவற்றைக் கையில் வைத்திருத்தல் வேண்டும்.